கீழ்வீட்டுக் கம்ப்ளெயின்

"புள்ள, ஒன்ட ஸ்பீக்கர் சத்தத்தில தல வெடிக்கிது!"

கீழ்வீட்டு நஸீமா தினமும் இந்தப் புகாரோடுதான் ஏறி வருவார். வேலை முடிந்து வந்து பழைய ஸ்பீக்கர் திருத்தும் மேல்மாடி டிலக்சி ஊற்றித் தரும் பிளேன்டீயைக் குடித்து, ஆற அமர ஏசிவிட்டு இறங்குவார். இன்று ஃபிளாட் கமிட்டி ஜவாத்தும் பின்னால் வந்து நின்றார்.

"ஒவ்வொரு நாளும் கம்ப்ளெயின், மிஸ். இனி நீங்க ரூமை விடத்தான் வேணும்."

"ரூமெல்லாம் விட வேணாம் ஜவாத்," நஸீமா பதறினார். "சும்மா ஏசினாப் போதும்."

தனியாக இருக்கிற பெண் என்றதும் வெள்ளவத்தை முழுக்கக் கதவைச் சாத்திய பிறகு டிலக்சிக்குக் கிடைத்த அறை இது.

மூலையில் துணி மூடியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகளை ஜவாத் காட்டினார். "எங்க, போடுங்க பாப்பம். நானும் கேக்கிறன்."

நஸீமாவின் முகம் வெளிறியது. டிலக்சி அதைப் பார்த்தாள்.

"தேவையில்லை. நான்தான் சத்தத்தைக் கூட்டி வச்சனான். பிழை என்னிலதான்."

"இதுதான் கடைசி வார்னிங்" என்று ஜவாத் இறங்கிப் போனார்.

டிலக்சி துணியை விலக்கினாள். ஒருகொடவத்தையில் கழித்துப் போட்ட சாமான்களுக்குள் பொறுக்கிய பெட்டிகள். கடதாசிக் கூம்புகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைகள். கனத்த ஒலியையும் கீச்சொலியையும் பிரித்தனுப்ப அவளே சுற்றிய செப்புக் கம்பிச் சுருள்கள் இன்னும் மேசையில் கிடந்தன. கொண்டுவந்த நாளிலிருந்து அந்தப் பெட்டிகள் ஒருமுறைகூட முனகியதில்லை.

நஸீமா தலை குனிந்தார். "பொய்யென்டு தெரிஞ்சும் ஏன் புள்ள ஒத்துக்கொண்ட?"

"வேற ஆர் ஆன்ட்டி இந்தக் கதவைத் தட்டுறது?" டிலக்சி கேத்தலை அடுப்பில் வைத்தாள். "நாளைக்கும் வாங்கோ. இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கிறன்."