வண்டி குடித்த ஆயில்

"வண்டி குடிக்குதா, நீ குடிக்கிறியா?"

மேனேஜர் இப்படிக் கேட்டதும் முதலாளி சிரித்துவிட்டார். டிரைவர் சிரிக்கவில்லை. சாதாரண நாளிலேயே சிரிக்காத ஆள். ஆபீஸில் அவருக்கு உம்மணாமூஞ்சி என்றுதான் பேர்.

விஷயம் இதுதான். கம்பெனி காருக்கு ஒரு பெட்ரோல் கார்டு உண்டு. பங்க்கில் தேய்த்தால் பெட்ரோல் வரும், இன்ஜின் ஆயில் வரும், வேறு எதுவும் வராது. அந்தக் கார்டில் கொஞ்ச நாளாக வாரம் தவறாமல் ஆயில் வாங்கியிருக்கிறார் டிரைவர். அதுவும் இருப்பதிலேயே விலை கூடின ஆயில்.

"சர்வீஸுக்கு சர்வீஸ் மாத்துற ஆயிலை எதுக்குப்பா வாராவாரம் வாங்குற?"

"குறையுது சார். குறைஞ்சா ஊத்தணும். இல்லன்னா இன்ஜின் போயிடும்."

"சரி, ஊத்து. சாதா ஆயிலை ஊத்தினா ஆகாதா? தங்க பஸ்பம்தான் ஊத்தணுமா?"

"இந்த இன்ஜினுக்கு மெல்லிசு ஆயில்தான் சார் ஒத்துக்கும். கெட்டியா இருந்தா சந்து பொந்துக்குள்ள ஓடாது."

"பாத்தீங்களா சார்? பதிலெல்லாம் தயாரா வச்சிருக்கான். வாங்கி வெளியில விக்கிறான், வேற என்ன?" என்றார் மேனேஜர் முதலாளியிடம். இந்தக் களவைக் கண்டுபிடித்தது அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

முதலாளி நேராகவே கேட்டார். "புது வண்டியில ஆயில் ஏன்பா குறையுது? எங்கயாவது அடிபட்டுச்சா?"

டிரைவர் வாயைத் திறந்தார். மேனேஜரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"சார், ஒரு நிமிஷம் வெளிய வாங்களேன். உங்ககிட்ட தனியா பேசணும்," என்றார் மேனேஜரிடம்.

"தனியா என்ன பேச்சு? எனக்கும் பங்கு தர்றேன்னு சொல்லப்போறியா? எதுவா இருந்தாலும் முதலாளி முன்னாடியே சொல்லு."

டிரைவர் சொல்லவில்லை. முதலாளி மறுபடியும் கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்றார் மேனேஜர். சாவியும் கார்டும் மேஜைக்கு வந்தன, வேலை போயிற்று.

"பொண்ணுக்குப் படிப்பு இன்னும் முடியல சார்," என்று மட்டும் வாசலில் நின்று சொன்னார் டிரைவர்.

புது டிரைவர் கிடைக்கும்வரை மேனேஜரே வண்டியை ஓட்டினார். கார்டும் அவர் பையில்தான். பெட்ரோல் போட்டாரே தவிர ஆயில் பக்கமே போகவில்லை. ஒருநாள் பாலம் ஏறும்போது சிவப்பு விளக்கு எரிந்தது, இன்ஜின் கடகடவென்றது, வண்டி நின்றுவிட்டது. முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விட்டார்.

மெக்கானிக் வண்டியை மேலே தூக்கி டார்ச் அடித்தார்.

"இன்ஜினுக்கு அடியில இருக்குற ஆயில் சட்டியில விரிசல். பழசுதான். சொட்டுச் சொட்டா ஒழுகும். பழைய டிரைவர் ஊத்தி ஊத்தி ஓட்டிட்டிருந்தார். நீங்க ஊத்தலையா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவர்தானே கொண்டுவந்து காட்டினார். சாவியை உங்ககிட்ட குடுத்துட்டு லீவுல போனவர், திரும்பி வந்து பாத்தாராம். அடியில கல்லு இடிச்ச தடம், பின்சீட்டு பூரா பிஸ்கட் தூள். சட்டியை மாத்திடலாம்னேன். இப்ப வேண்டாம்னுட்டார். ரிப்பேர்னா பில்லு முதலாளிகிட்ட போகும், எப்படி இடிச்சதுன்னு கேப்பார், அது மேனேஜர் சார் வேலைக்கே உலை வச்சிடும்னார். அடுத்த சர்வீஸ் வரைக்கும் ஊத்திச் சமாளிச்சு, சத்தமில்லாம மாத்திக்கலாம்னு இருந்தார்."

மேனேஜருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. கம்பெனி வண்டியைச் சொந்தக் காரியத்துக்கு எடுத்தால் வேலை போகும் என்பது அந்த ஆபீஸ் சட்டம். அதை டைப் அடித்து போர்டில் ஒட்டியவரே அவர்தான். முதலாளி வெளியூர் போயிருந்த தைரியத்தில், மச்சினி வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். மண் ரோட்டில் அடியில் ஒரு சத்தம். "என்னங்க அது?" என்றாள் மனைவி. "ஒண்ணுமில்ல, கல்லு," என்று சொல்லிவிட்டு அதோடு மறந்தும்போனார்.

"அப்ப அன்னைக்குத் தனியா பேசணும்னு என்னைக் கூப்பிட்டது..."

"இதைச் சொல்லத்தான் சார். முதலாளி முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிருக்கார்."

மேனேஜர் அங்கே கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப என்ன பண்றார்?"

"அலையறார். திருட்டுப் பேர் வாங்கினவருக்கு யார் சார் சாவி குடுப்பா? பொண்ணு படிப்பை நிறுத்திட்டு துணிக்கடைக்கு வேலைக்குப் போகுது."

மேனேஜருக்குக் கண் கலங்கியது. "நான் பாவி. அவர் மட்டும் வாயைத் திறந்திருந்தா இன்னைக்கு நடுத்தெருவுல நிக்கிறது நான்தான். அந்த மனுஷனைப் போய் திருடன்னு சொல்லிட்டேனே. எந்த ஜென்மத்துல இதுக்குப் பரிகாரம் பண்ணப்போறேனோ." நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார்.

மெக்கானிக் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க வண்டியை இழுத்துட்டு வர்றதுக்குள்ளயே முதலாளி போன் பண்ணார் சார். என்ன ஆச்சு, எப்படி ஆச்சுன்னு பில்லுல எழுதி அனுப்பச் சொன்னார். என்ன எழுத?"

மேனேஜர் கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"பழைய டிரைவர் இடிச்சதுன்னு எழுதிடுங்க," என்றார். "அவருக்குத்தான் எப்படியும் வேலை போயிடுச்சே."