ஓவியருடன் ஒரு படம்

“இந்த ஒரு கோட்டில் ஆயிரம் வருடத்து மரபு தெரிகிறது” என்று சொல்லி, கண் கலங்க ஹென்றி லாவின் கையைக் குலுக்கினார் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி.

ஹென்றி ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிறவன்.

வாழ்நாளில் அவன் தூரிகை பிடித்தது ஒரேயொரு தரம், பேஸ்மென்ற் சுவருக்கு வெள்ளையடித்தபோது. அதையும் அவனுடைய தமிழ் மனைவி ஷரோன் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கண்காட்சி மண்டபத்தில் தொங்கிய இருபத்திரண்டு சீன மை ஓவியங்களும் ஷரோன் வரைந்தவை. பதினெட்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் மைக்கட்டியைக் கல்லில் உரைத்து, மூங்கிலும் மலையும் மூடுபனியும் பழகியவள். வாசலில் அவள் பெயரைப் பெரிதாகத்தான் எழுதியிருந்தார்கள். உள்ளே ஹென்றி போல ஒரு சீனர் நிற்கும்போது பெயர்ப்பலகையை யார் வாசிக்கிறார்கள்?

“நான் வரையவில்லை. என் மனைவி” என்றான் ஹென்றி.

பெண்மணி உருகிப்போனார். கீழைத்தேயக் கலைஞர்களின் பணிவே தனி என்று பக்கத்தில் நின்றவருக்கு விளக்கினார்.

அவன் மறுக்க மறுக்கக் கூட்டம் கூடியது.

சேலை உடுத்தி நின்ற ஷரோனிடமும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தட்டிலிருந்த றோல்ஸில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டார். மற்றவர் வெறுங்கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசியில் சித்தப்பா அமிர்தநாதர் வந்து சேர்ந்தார். ஷரோனைத் தூக்கி வளர்த்தவர். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சித்தப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூங்கில் ஓவியத்துக்குக் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார்.

“பிள்ளை, மருமகன் இவ்வளவு கெட்டிக்காரன் எண்டு நீ ஒருநாளும் சொல்லேல்லையே!”

ஷரோன் வாயைத் திறப்பதற்குள் ஹென்றியை இழுத்து மூங்கிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவன் தோளைச் சுற்றிக் கையைப் போட்டார். போனை அவளிடம் நீட்டினார்.

“வடிவா எடு பிள்ளை. சனத்துக்கு அனுப்பவேணும்.”

ஹென்றி அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

ஷரோன் வெறுங்கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டடி தள்ளிப்போய், நிதானமாகக் குறிபார்த்து எடுத்தாள்.

படம் மிக வடிவாக வந்திருந்தது. மூங்கிலில் ஓர் இலைகூடத் தப்பவில்லை. மூலையில் அவள் பெயர் பொறித்த சிவப்பு முத்திரை பளிச்சென்று இருந்தது.

ஓரத்தில் ஹென்றியின் ஒரு காதும், அவன் தோளில் சித்தப்பாவின் நாலு விரல்களும் விழுந்திருந்தன.