வேரைச் சுற்றும் நரம்பு

யுவராஜின் ஞானப்பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும்; வீக்கம் கழுத்துவரை இறங்கிவிட்டது. முதல் ஸ்கேனில் தாடை நரம்பு பல்லின் வேருக்கு இடப்பக்கம் ஒட்டிக் கிடந்தது. சந்தேகப்பட்டு இன்னொரு முறை எடுத்தால் வலப்பக்கம் போயிருந்தது. அறுபது வயதுக்குள் டாக்டர் கோமளா எத்தனையோ நரம்பைப் பார்த்துவிட்டார், இப்படி நிலைகொள்ளாத ஒன்றைப் பார்த்ததில்லை.

"தெரியாம பிடுங்கி நரம்பு அறுந்தா கீழுதடு மரத்துப் போயிடும்ப்பா."

"அப்ப விசிலு? என் புறாங்க வேற எதுக்கும் எறங்காது மேடம். மேலயே சுத்திக்கினு கெடந்து செத்துடும்."

மூன்றாம் முறை யந்திரம் அவன் தலையைச் சுற்றத் தொடங்கியது. அசையாதே என்று சொல்லித்தான் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் எதுவாவது சுற்றினால் யுவராஜின் உதடு சும்மா இருக்காது, விசில் அடித்துவிட்டான். படத்தில் நரம்பு வேரை விட்டு இறங்கி, தாடையின் அடியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

"அப்படியே அடிச்சிக்கிட்டே இரு, பிடுங்கிடறேன்" என்று ஊசியை எடுத்த டாக்டர் பாதியில் நின்றார். மருந்து ஏறினால் உதடு மரத்துவிடும். பிறகு அவன் எங்கே விசில் அடிப்பது?

கோமளா கதவைச் சாத்தினார். முகக்கவசத்தைக் கழற்றினார்.

"உதட்ட எப்படி மடிக்கற? காட்டு."

அவர் ஊதிப் பார்த்த முதல் தடவை எச்சில்தான் தெறித்தது.

"மெதுவா மேடம்" என்றான் யுவராஜ், தாடையைப் பிடித்துக்கொண்டு. "பயந்துடப் போவுது."