சேராத கோடுகள்

தாளில் வரைந்திருந்த குவிலென்சுக்கு வெகு அருகில் நிறுத்தப்பட்ட குட்டி அம்புக்குறி நடுநடுங்கிக்கொண்டிருந்தது. அதன் தலையிலிருந்து கிளம்பிய இரண்டு கதிர்களும் லென்சைத் தாண்டியதும் ஒன்றுசேராமல் விலகி விலகிப் போயின. தாளின் ஓரமே வந்துவிட்டது.

"பிம்பம் விழலேன்னா ரப்பர் வந்து என்னை அழிச்சிடுமே!" என்று புலம்பியது அம்பு.

"கத்தாதே. ஒரு கோட்டை லேசா வளைச்சுச் சேர்த்துடறேன்," என்றது பென்சில்.

ஸ்கேல் அசைந்துகொடுக்கவில்லை. "என்னை ஒட்டிக்கிட்டு வளையவா பாக்கறே? திரும்பு. அதே கோடுகளைப் பின்பக்கமா நீட்டு, புள்ளி புள்ளியா."

பென்சில் முணுமுணுத்துக்கொண்டே நீட்டியது. அம்பின் முதுகுக்குப் பின்னால், நல்ல உயரத்தில், புள்ளிக்கோடுகள் சேர்ந்தன. பென்சில் அங்கே பிம்பத்தை வரைந்தது.

"வந்துச்சா?" திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் கேட்டது அம்பு.

"வந்துச்சு. அச்சு அசலா நீயேதான், உன்னைவிடப் பெரிசா," என்றது பென்சில். "நடுக்கமும் பெரிசு."