நாற்பது சி.டி.

"மாஸ்டர், பஸ் ஸ்டாண்டு எதிர்க்க செல்போன் கடை வெச்சிருக்காருல்லங்க ரஷீத், அவரு இன்னைக்கு இருபது சி.டி. வாங்கிட்டுப் போறாருங்க. போன வாரம் இருபது. இதோட நாப்பதாச்சு!"

கோயில் வாசலில் சி.டி. விற்கும் இன்னாசிமேரி இப்படிச் சொன்னதும் ஞானதாஸுக்குச் சுருக்கென்றது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன்தான். ஆனால் அவருக்குச் சந்தேகம் முந்திக்கொண்டது.

கோயில் பாடகர் குழுவுக்கு அவர்தான் மாஸ்டர். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்துக்கென்று எட்டுப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, சேலம் போய்ப் பதிவு செய்து, முந்நூறு சி.டி. கொண்டுவந்து இறக்கியிருந்தார். குறைந்தது இருநூறு விற்றால்தான் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஆல்பம் என்று ஃபாதர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த அடுத்த ஆல்பம் முழுக்க உனக்குத்தான் என்று, இந்தப் பாட்டுகளைப் பாடிய பிரின்சிக்கு இவர் வாக்குக் கொடுத்திருந்தார். கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போகிற பெண். அப்படி ஒரு குரல்!

ஆனால் ரஷீத் வாங்கியது போக விற்றது முப்பதுகூட இல்லை.

காரணம் வாட்ஸப். எட்டுப் பாட்டும் அதில் சுற்றிக்கொண்டிருந்தன. "சி.டி. வாங்குனீங்களா?" என்று யாரைக் கேட்டாலும், "அதான் போன்லயே வந்துருச்சுங்களே மாஸ்டர்" என்று ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ரஷீத்துக்கு எதுக்கு நம்ம தவக்காலப் பாட்டு? காப்பி போட்டு விக்கிறாரு, வேறென்ன!"

"அப்படி இருக்குமுங்களா மாஸ்டர்?"

"இருக்குமாவாம்! கையும் களவுமாப் புடிச்சுட்டு வாரேன் பாரு."

அன்று சாயங்காலமே ஒரு பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதுவரை அந்தக் கடைப்படி ஏறியதில்லை. யாரோ எவரோ மாதிரி போய் நின்றார்.

"பாட்டு ஏத்தித் தருவீங்களா?"

"தருவேனுங்க. என்ன பாட்டு வேணும்?" ரம்ஜான் நோன்பு இருந்த களைப்பு ரஷீத் குரலில் தெரிந்தது.

"சினிமா வேண்டாம். புதுசா ஒரு தவக்கால ஆல்பம் வந்திருக்காமே, அது."

ரஷீத் அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். மேஜைக்கு அடியிலிருந்து புத்தம்புது சி.டி. ஒன்றை எடுத்து, மேலே சுற்றியிருந்த கண்ணாடித் தாளைக் கிழித்து, கம்ப்யூட்டரில் போட்டார். பாட்டுகள் பென்டிரைவில் ஏற ஆரம்பித்தன.

மாட்டினாண்டா!

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு இப்படி ஏத்தியிருக்கீங்க?"

"உங்களோட இருபத்தாறுங்க. லாரிக்காரங்கதான் நெறையா. இந்த நாப்பது நாளும் அவங்க சினிமாப் பாட்டு கேக்க மாட்டாங்களாமுங்க."

"வெக்கமா இல்லீங்களா? நோன்பு வெச்சுக்கிட்டுச் செய்யற வேலையா இது? ஒரு ஏழைப் பொண்ணோட பொழைப்பைத் திருடறீங்களே!"

ரஷீத் கோபப்படவில்லை. சி.டி.யை வெளியே எடுத்து உறைக்குள் வைத்தார். அதையும் பென்டிரைவையும் சேர்த்து நீட்டினார்.

"சி.டி.யும் உங்களுதுதானுங்க, எடுத்துக்குங்க. இதோட வெலை நூறு ரூவா. ஏத்துனதுக்குக் காசு வேண்டாம்."

"என்னது?"

"இன்னைக்கு யாரு ஊட்டுலீங்க சி.டி. போடுற மெசின் இருக்குது? வாங்கி என்ன பண்றதுன்னுதான் ஜனங்க ஒதுங்குது. அதான் ஒருத்தருக்கு ஒரு சி.டி.ன்னு பிரிச்சு ஏத்திக் குடுக்கறேன். காப்பி அடிக்கறவனுக்கு ஒண்ணு போதாதுங்களா? நாப்பது எதுக்கு?"

ஞானதாஸுக்குக் கணக்குப் புரிந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

"சினிமாப் பாட்டை மட்டும் சி.டி. வாங்காமத்தானே ஏத்தறீங்க?"

ரஷீத் தலையைச் சொறிந்தார். "தப்புத்தானுங்க. அந்தப் பாட்டுக்காரங்களை நான் கண்ணால பார்த்ததில்லை. இதைப் பாடுன புள்ள தெனமும் காலையில என் கடை வாசல்லதான் பண்ணை வேன் ஏறுது. அதுகிட்டத் திருட மனசு வரலீங்க."

ஞானதாஸுக்குக் கூசிப்போனது. நூறு ரூபாயை எடுத்து வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க. உங்களைத் தப்பா நெனைச்சுட்டேன். அப்போ வாட்ஸப்புல விட்டது எந்தப் பாவி? உங்களுக்குத் தெரியுங்களா?"

"அதை விடுங்க மாஸ்டர்."

"மாஸ்டரா! என்னை உங்களுக்குத் தெரியுமா?"

"வந்து வாயைத் தொறந்ததுமே தெரிஞ்சுதுங்க. குரலை வெச்சுத்தான்."

"சி.டி.யில நான் ஒரு வார்த்தை பேசலையே!"

"சி.டி.யில இல்லீங்க. வாட்ஸப்புல வந்ததை நீங்க கேக்கவே இல்லீங்களா?"

"திருட்டுப் பாட்டை நான் எதுக்குங்க கேக்கணும்?"

ரஷீத் தயங்கினார். கடையில் வேறு யாரும் இல்லையே என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, போனை அழுத்தினார்.

ஒத்திகைக் கூடத்து ஃபேன் கடகடவென்று ஓடியது. அப்புறம் ஞானதாஸின் குரல், ரொம்ப உற்சாகமாக.

"தம்பி ஜெரால்டு, நம்ம புதுப்பாட்டு எட்டும் வரிசையாப் பாடறோம், கேளு. உனக்கு மட்டுந்தான் அனுப்பறேன், வேற யாருக்கும் அனுப்பிராத. ம்... பிரின்சி, ஆரம்பிம்மா!"