ஆறாவது குரல்

கிளெமென்ட் இன்டர்நெட் சாட்டில் தன்னை இசையமைப்பாளர் என்றுதான் சொல்லிக்கொள்வான். மாதா கோயில் பாடற்குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவன் என்றால் பெண்கள் பதில் போடுவதில்லை. இசையமைப்பாளருக்கும் போடவில்லை. 2004-இல், பேகம்பூர் பிரவுசிங் சென்டரில், இப்படி ஒன்பது பேர் போய்விட்டார்கள். பத்தாவதாக வந்த ரீனா மட்டும் நின்றாள்.

"ஒங்க கோயில்ல ஞாயித்துக்கெழம நானுந்தேன் பாடுறேன்" என்று டைப் செய்தாள். கோயிலைப் பற்றி அவன் அவளிடம் சொன்னதே இல்லை.

பாடற்குழுவில் மொத்தமே ஐந்து பெண்கள்தான். ரீனா என்று யாரும் கிடையாது. தன் வாசிப்பைத் தானே ரசிப்பதற்காகக் கிளெமென்ட் வாராவாரம் பூசையை டேப்பில் பதிவு செய்வான். போட்டுக் கேட்டான். ஆறு குரல்கள் இருந்தன. ஆறாவதுதான் சுருதி சுத்தம்.

பயந்திருக்க வேண்டும். ஆனால் இருபத்தெட்டு வயதில், இவளும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சனிக்கிழமை கேட்டுவிட்டான்: "என்னக் கட்டிக்கிறியா?"

"ஒங்க கீபோர்டு சத்தந்தேன் எடஞ்சலா இருக்கு. நாளைக்குப் பூசைல பதில் சொல்றேன்."

மறுநாள் கிளெமென்ட் வாழ்நாளில் வாசிக்காத வாசிப்பு வாசித்தான். விரல் நுனிகள் வலித்தன.

பூசை முடிந்ததும் குழுவில் பாடும் ஷைனி வந்தாள். "ஏண்ணே, கரண்டு இருந்துச்சுல்ல? ஒரு பாட்டுக்கும் வாசிக்காம எதுக்கு ஆடிக்கிட்டே ஒக்காந்திருந்தீக?"

வீட்டில் டேப்பைப் போட்டான். ஆறு பேரும் அழகாகப் பாடினார்கள். அடியில், கட்டைகளை அவன் விரல்கள் தட்டும் டொக் டொக் மட்டும், கடைசிப் பாட்டு வரை கேட்டது.