முன் அனுபவம்

“பத்ரியை எப்படி சார் மறக்க முடியும்? ரெண்டு வருஷம் எனக்கு எதிர்லதான் உக்காந்திருந்தார். ரொம்ப நல்ல பையன். திடீர்னு போயிட்டார், எங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கு.”

ஃபோனில் சொல்லிக்கொண்டே நீலா எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் நாற்காலி லேசாகத் திரும்பி, அவளைப் பார்த்து நின்றது.

ரிசீவரை வைத்தாள். பத்ரி என்பவனை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த நாற்காலியில் இதுவரை யாருமே உட்கார்ந்ததில்லை.

அமீர்பேட்டில், கோச்சிங் சென்டர்களுக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது அந்த சாஃப்ட்வேர் கம்பெனி. சாஃப்ட்வேரும் கிடையாது, கம்பெனியும் கிடையாது, வாசலில் போர்டு மட்டும் பளபளவென்று இருந்தது. படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு அலைகிற பிள்ளைகளுக்கு முதலாளி ஜெகநாதன் அனுபவச் சான்றிதழ் விற்றுக்கொண்டிருந்தார். யாராவது ஃபோன் பண்ணி விசாரித்தால், ‘ஆமாம், இங்கேதான் இருந்தார்’ என்று சொல்வது நீலாவின் வேலை.

எம்.சி.ஏ. முடித்து விருதுநகரிலிருந்து அந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவளுக்கு வேறு எதுவும் அமையவில்லை. எந்தப் படி ஏறினாலும் ‘எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?’ என்று அதே பல்லவி. அம்மாவோ, மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

யாராவது நேரில் வந்தால் காட்டுவதற்காக அறை முழுக்க நாற்காலிகள் போட்டிருந்தார் ஜெகநாதன். வெயில் சாய்ந்தால், நீலாவின் வாயில் பிறந்தவர்கள் எல்லாம் வந்து அவற்றில் உட்கார்ந்துவிடுவதாகத் தோன்றும். தூசி துடைக்கப் போனால் பாதியிலேயே திரும்பிவிடுவாள். ஒரு நாள் தன்னையறியாமல், “பத்ரி, கொஞ்சம் நகருங்க” என்று சொல்லிவிட்டு, அரண்டு போய் வெளியே ஓடி வந்தாள்.

“யாரோ இருக்கற மாதிரியே இருக்கு சார், பயமா இருக்கு.”

“நக்கோம்மா, பயமெல்லாம் வேணாம்” என்று பாதி உருதுவில் சொல்லிச் சிரித்தார் ஜெகநாதன். “போலீசுக்குத்தான் பயப்படணும். நம்மகிட்ட காசு கட்டினவங்க பேரைக் கேட்டா ஆமான்னு சொல்லு. வேற யார் பேரைக் கேட்டாலும் அப்படி யாரும் இல்லவே இல்லைன்னு அடிச்சுப் பேசிடு. போலீஸ்காரங்க அப்படித்தான் வலை விரிப்பாங்க.”

விட்டால் போதும் என்றிருந்தது நீலாவுக்கு. ஹைடெக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வாக்-இன் இண்டர்வியூ என்று தெரிந்ததும், வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். உண்மையைச் சொன்னால் ஜெகநாதன் விடமாட்டார்.

பயோடேட்டாவில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஒன்றரை வருஷமாக அங்கே உழைத்திருக்கிறாள். ஊரெல்லாம் அந்தக் கம்பெனி பேரைச் சொல்லி வேலைக்குப் போனார்களே, அங்கே நிஜமாக வேலை பார்த்தது அவள் ஒருத்திதான்.

இண்டர்வியூ எடுத்த ரோஸ்லின் மேடம் நாகர்கோவில்காரர். ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார்.

“ஃபோன்ல பேசற வேலை. உன்னை மாதிரி தன்மையாப் பேசற பொண்ணுதான் வேணும். ஃப்ரெஷர்னா எடுக்க மாட்டோம். நல்லவேளை, உனக்கு அனுபவம் இருக்கு. ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு இப்பவே ஆர்டர் குடுத்துடறேன்.”

நீலாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இனி அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டாம், அந்த அறைக்குள் நுழையவே வேண்டாம். எத்தனை பேருக்கு ஆமாம் போட்டிருக்கிறோம், நமக்கு ஒரு ஆமாம் கிடைக்காதா என்று நினைத்துக்கொண்டாள்.

ரோஸ்லின் ஸ்பீக்கரைப் போட்டார். மணி அடித்தது. ஜெகநாதன்தான் எடுத்தார்.

“வணக்கம், உங்க கம்பெனியில நீலான்னு ஒரு பொண்ணு ஒன்றரை வருஷமா வேலை பார்க்கறாங்களா?”

ஸ்பீக்கரில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. தான் இல்லாத அந்த அறை நீலாவின் கண்முன் வந்து நின்றது.

“நீலாவா? அப்படி யாரும் இங்க இருந்ததே இல்லைங்க.”